எண்ணெய்க்கு முன் நன்னீர்: .22 துப்பாக்கிக் குழலும் இரும்பு துருப்பிடித்தலும்

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம்
தொடர்புடைய பகுதிகள்: மின்னிரசாயனம், கலவைகள்

இரும்பு துருப்பிடித்தலைத் தடுக்கும் முறைகளைக் குறிப்பிடுக என்று கேட்டால், வர்ணம் பூசுதல், எண்ணெய் அல்லது கிறீஸ் பூசுதல், கல்வனைசுப்படுத்தல் என எழுதிப் புள்ளி பெறுவது கடினமன்று. அதே விடயத்தைச் சற்று மாற்றி, "உப்புப் படிந்த இரும்புப் பொருளொன்றின் மீது நேரடியாக எண்ணெய் பூசப்பட்டது. சில நாட்களின் பின் எண்ணெய்ப் படையின் கீழ் துரு காணப்பட்டது. காரணம் யாது?" என்று கேட்டால் பலர் தடுமாறுகின்றனர். "எண்ணெய் போதாது" என்று எழுதுவோரே அதிகம். எண்ணெயின் அளவு இங்கு பிரச்சினையே அன்று. எண்ணெய் உப்பைக் கரைப்பதில்லை என்பதே விடை.

இந்த ஒரு கருத்தை விளங்கிக்கொள்வதற்குச் சிறு துளைத் துப்பாக்கி ஒன்றைக் கழற்றிச் சுத்தஞ் செய்யும் முறையை இப்பாடத்தில் எடுத்துக்கொள்வோம். பாடசாலை மாணவர் படையணிகளிலும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டிலும் .22 வகைத் துப்பாக்கி பயன்படுகின்றது. இதன் குழல் ஒடுங்கிய உருக்குக் குழாய். உள்ளே துருப்பிடித்தால் வெளியே தெரியாது. தெரியவரும்போது திருத்தவும் முடியாது. ஆகவே துருப்பிடித்தலைப் பற்றி மனிதர் மிகக் கவனமாகச் சிந்தித்த பொருட்களுள் இதுவும் ஒன்று.

மன்னாரின் நிலைமை

மன்னார் மாவட்டம் வரண்ட வலயத்திற்கு உட்பட்டது. மழை பெரும்பாலும் ஒக்டோபர் தொடக்கம் திசம்பர் வரையிலான காலத்திலேயே கிடைக்கின்றது. துருப்பிடித்தலுக்கு நீரும் ஒட்சிசனும் தேவை என்று கற்ற மாணவர் ஒருவர், மழை குறைந்த மன்னாரில் இரும்பு நெடுங்காலம் நிலைக்கும் என்று எதிர்பார்க்கலாம். அங்கு வாழ்பவருக்கு உண்மை தெரியும். பேசாலையிலோ வங்காலையிலோ கடற்கரையோரம் நிறுத்திவைத்த சைக்கிளின் சங்கிலி சில கிழமைகளிலேயே செந்நிறமாகிவிடும். தகரக் கூரையில் ஆணி அடித்த இடங்கள் முதலில் ஓட்டையாகும். தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை 1914இல் திறக்கப்பட்டபோது கப்பற் பயணத்துக்காகப் பயன்பட்ட இறங்குதுறையின் இரும்புப் பகுதிகள் கடற்காற்றினால் எவ்வாறு தின்னப்பட்டுள்ளன என்பதை அங்கு சென்றோர் கண்டிருப்பர்.

இதற்குக் காரணம் காற்றிலுள்ள உப்பு. கடல்நீர் ஒரு கிலோகிராமில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று தூக்கிச் செல்கின்றது. மே மாதம் தொடக்கம் செத்தெம்பர் வரை வீசும் சோழகக் காற்றின் வலிமையை மன்னார்த் தீவினர் நன்கறிவர். தீவின் தென்கரையில் காற்றாலைகள் நிறுவப்பட்டதும் அக்காற்றை நம்பியே. துளியிலுள்ள நீர் ஆவியாகி, சோடியங்குளோரைட்டுத் துணிக்கைகள் கூரையிலும் கதவிலும் இயந்திரத்திலும் படிகின்றன.

படிந்த உப்பு சும்மா இருப்பதில்லை. சூழலின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது சோடியங்குளோரைட்டு வளியிலுள்ள நீராவியை உறிஞ்சித் தானே கரைந்து கரைசலாகின்றது. பகலில் வெப்பத்தினால் உலர்ந்து காணப்படும் இரும்பு, இரவில் வெப்பநிலை குறைந்து சாரீரப்பதன் உயர்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத உப்புக்கரைசற் படையொன்றால் மூடப்படுகின்றது. மழை பெய்யாமலே இரும்பு நனைகின்றது என்று இதனைச் சொல்லலாம்.

(குறிப்பு: மன்னார்க் கரையில் அரிப்பு என்னும் ஊர் உண்டு. உலோக அரிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் வகுப்பில் அவ்வூரை நினைத்துச் சிரிப்பது வழக்கம். ஆளுநர் பிரெடரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு கட்டிய மாளிகையின் இடிபாடு கடலோரத்தில் உள்ளது. அதனைச் சிதைப்பது கரையரிப்பு. அது புவியியற் பாடத்துக்குரியது. இங்கு நாம் கற்பது உலோகம் தின்னப்படுதலையே.)

துருப்பிடித்தலின்போது நிகழ்வது

இரும்பின் மீது ஒரு துளி உப்புக்கரைசல் இருப்பதாகக் கொள்வோம். துளிக்குக் கீழேயுள்ள இரும்பின் சில இடங்கள் அனோட்டாகவும் வேறு இடங்கள் கதோட்டாகவும் தொழிற்படுகின்றன.

அனோட்டில் ஒட்சியேற்றம்: இரும்பு அணு → பெரசு அயன் + 2 இலத்திரன்கள்
கதோட்டில் தாழ்த்தல்: ஒட்சிசன் மூலக்கூறு + 2 நீர் மூலக்கூறுகள் + 4 இலத்திரன்கள் → 4 ஐதரொட்சைட்டு அயன்கள்

இலத்திரன்கள் இரும்பினூடாகவும் அயன்கள் கரைசலினூடாகவும் செல்கின்றன. பெரசு அயன்களும் ஐதரொட்சைட்டு அயன்களும் சேர்ந்து உண்டாகும் பெரசு ஐதரொட்சைட்டு மேலும் ஒட்சியேறி நீரேற்றிய பெரிக்கு ஒட்சைட்டு ஆகின்றது. இதுவே துரு.

உப்பின் பங்கு என்ன? தூய நீர் மின்னை மிகக் குறைந்தளவே கடத்தும். உப்புக் கரைந்ததும் அது நல்ல மின்பகுபொருட் கரைசலாகி அயன்களின் இயக்கத்தை இலகுவாக்குகின்றது, துருப்பிடித்தல் விரைவாகின்றது. உப்பு ஒரு தாக்கியன்று, துருப்பிடித்தலின்போது அது செலவாவதுமில்லை. ஆகவே ஒருமுறை படிந்த உப்பு, அகற்றப்படும்வரை ஒவ்வோர் இரவும் தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். இவ்வசனத்தை அடிக்கோடிட்டுக் கொள்ளவும். வினாத்தாளில் "உப்பு இரும்புடன் தாக்கமுற்றுத் துருவைத் தருகின்றது" என எழுதுவது பிழை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூ. ஆர். எவன்ஸ் என்பவர் 1920களில் இதனை எளிய பரிசோதனை ஒன்றினாற் காட்டினார். துப்புரவாக்கிய இரும்புத் தகட்டின் மீது, பொற்றாசியம் பெரிசயனைட்டும் பினோத்தலீனும் சேர்த்த உப்புக்கரைசலின் துளியொன்றை இட்டால், சிறிது நேரத்தில் துளியின் நடுப்பகுதி நீல நிறமாகவும் ஓரம் இளஞ்சிவப்பாகவும் மாறும். நீலம் பெரசு அயனைக் காட்டுகின்றது. எனவே நடுப்பகுதி அனோட்டு. இளஞ்சிவப்பு ஐதரொட்சைட்டு அயனைக் காட்டுகின்றது. எனவே ஓரம் கதோட்டு. ஓரத்தில் துளி மெல்லியதாக இருப்பதால் வளியிலுள்ள ஒட்சிசன் அங்கு இலகுவாகச் சேர்கின்றது. ஒட்சிசன் அதிகமுள்ள இடத்தில் அன்றி, குறைவாகவுள்ள நடுவிலேயே இரும்பு கரைகின்றது என்பதைக் கவனிக்க. ஏகார் ஜெலியில் இரும்பாணி வைத்துச் செய்யும் பரிசோதனையின் நிறமாற்றங்களும் இதே தத்துவத்தைக் கொண்டவை.

துப்பாக்கிக் குழலினுள் இத்தகைய துளியொன்று தங்கினால், அதன் நடுவே சிறு குழி தோன்றும். குழியின் அடியில் ஒட்சிசன் இன்னும் குறைவு. ஆகவே அது மேலும் ஆழமாகும்.

துப்பாக்கியின் பகுதிகள்

.22 என்பது குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலம், அதாவது 5.6 மி.மீ. என்பதைக் குறிக்கும். குழலின் உட்சுவரில் திருகுச் சுருள் போன்ற புரிகள் வெட்டப்பட்டுள்ளன. சன்னம் இப்புரிகளைப் பற்றிக்கொண்டு சுழன்று வெளியேறுவதால் நேராகச் செல்கின்றது. சுழலும் பம்பரம் சரியாது நிற்பதை ஒத்தது இது. புரிகளின் விளிம்பு துருவினால் குழிவிழுந்தால் சன்னம் ஒழுங்காகச் சுழலாது, குறி தவறும்.

குழலைத் தவிர, பின்புறத்தை அடைக்கும் போல்ற் எனப்படும் பூட்டுத்தண்டு, அதனுள் அடிக்கும் ஊசி, விசை, ரவைக்கூடு, தோளிற் பொருத்தும் மரப்பகுதி என்பன முக்கியமானவை. குழலின் வெளிப்புறத்தின் கருநீல நிறம் வர்ணப்பூச்சு அன்று. இரும்பின் மேற்பரப்பையே இரசாயன முறையில் கரிய ஒட்சைட்டாக மாற்றிய மெல்லிய படை அது. அதன் நுண்டுளைகள் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். எண்ணெய் இல்லாவிட்டால் அப்படை மாத்திரம் அதிகம் காப்பாற்றாது.

கழற்றலும் சுத்தஞ் செய்தலும்

இவ்வேலை பொறுப்பான அதிகாரியின் முன்னிலையில் மாத்திரம் செய்யப்படும். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுபடைக்கலங்கள் கட்டளைச் சட்டத்தின்படி உத்தரவுப்பத்திரம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதற்படி, துப்பாக்கி வெறுமையாக உள்ளதா எனப் பார்த்தல். வாய்ப்பகுதி ஆளில்லாத திசையை நோக்க, ரவைக்கூட்டைக் கழற்றி, பூட்டுத்தண்டைப் பின்னிழுத்து, ரவையறையைக் கண்ணாற் பார்த்து விரலாலும் தொட்டு உறுதிசெய்வர். ரவைக்கூட்டைக் கழற்றிய பின்னும் அறையினுள் ஒரு ரவை தங்கியிருக்கலாம். இவ்வரிசை மாறக்கூடாது. சுத்தஞ் செய்யும் மேசையில் ரவை எதுவும் இருக்கக்கூடாது.

அடுத்து பூட்டுத்தண்டை முழுமையாகப் பின்புறமாக உருவி எடுப்பர். பெரும்பாலான வேளைகளில் இவ்வளவு கழற்றினாற் போதும். திருகாணிகளைக் கழற்றி மரப்பகுதியை வேறாக்குவது, மழையில் நனைந்தபோதோ கடற்கரையில் நாட்கணக்கிற் பயன்படுத்திய பின்போ செய்யவேண்டியது. மரமும் உருக்கும் தொடும் இடுக்கில் ஈரம் ஒளிந்திருக்கும். அதே வேளை, அளவுக்கு மிஞ்சிக் கழற்றுவதால் திருகாணித் தலைகள் கெட்டுப்போவதே மிச்சம். ஆர்வமுள்ள மாணவருக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

குழலைச் சுத்தஞ் செய்யும் கோலைப் பின்புறத்திலிருந்து முன்னோக்கிச் செலுத்த வேண்டும். சன்னம் கடைசியாகத் தொட்டு விலகும் இடம் முன்வாயின் விளிம்பு. கோல் அவ்விளிம்பில் உரசித் தேய்ந்தால் குறி கெடும். கோலின் நுனியிற் பொருத்தும் தூரிகை வெண்கலத்தால் ஆனது. வெண்கலம் உருக்கை விட மென்மையானது. ஆகவே புரிகளைக் கீறாது. இங்கு ஒரு நல்ல வினா மறைந்துள்ளது. ஈரமான வெண்கலத் தூரிகையைக் குழலினுள் விட்டுவைத்தால் என்ன நடக்கும்? வெண்கலத்தின் பெரும்பகுதி செம்பு. தாக்கவீதத் தொடரில் இரும்பு செம்புக்கு மேலுள்ளது. எனவே இரும்பு அனோட்டாகவும் வெண்கலம் கதோட்டாகவும் அமைந்த சிறு மின்கலம் ஒன்று உண்டாகி, இரும்பு வழமையிலும் விரைவாகத் தின்னப்படும். சுத்தஞ் செய்ய வந்த கருவியே கேட்டை விளைவிக்கும்.

இனி எதனைக் கொண்டு சுத்தஞ் செய்வது என்பதற்கு வருவோம். பாடத்தின் மையம் இதுவே.

சுட்டபின் குழலில் இருவகைப் படிவுகள் இருக்கலாம். ஒன்று, சன்னத்தின் மீது பூசியிருந்த மெழுகு அல்லது கொழுப்பு, எரியாத கரி, ஈயம் என்பன. மற்றையது உப்பு. மெழுகும் கொழுப்பும் முனைவற்றவை. மண்ணெண்ணெய் போன்ற முனைவற்ற கரைப்பானில் கரையும், நீரிற் கரையா. உப்பு அயன்களால் ஆனது. முனைவுள்ள கரைப்பானாகிய நீரிற் கரையும், மண்ணெண்ணெயிலோ துப்பாக்கி எண்ணெயிலோ கரையாது. ஒன்றைக் கரைப்பது மற்றதைக் கரைக்காது.

உப்பு எங்கிருந்து வருகின்றது? இதற்குப் பழைய காலத்து விடை ஒன்றும் இக்காலத்து விடை ஒன்றும் உண்டு. ஊசி அடித்ததும் முதலில் தீப்பற்றும் சிறு மருந்தில் முற்காலத்தில் பொற்றாசியங்குளோரேற்று சேர்க்கப்பட்டது. அது பிரிகையுறும் விதம் வருமாறு:

பொற்றாசியங்குளோரேற்று → பொற்றாசியங்குளோரைட்டு + ஒட்சிசன்

பொற்றாசியங்குளோரைட்டு சமையலுப்பின் நெருங்கிய உறவினன். ஒவ்வொரு வெடியின் பின்னும் அது நுண்ணிய படையாகக் குழலிற் படிந்தது. இரவில் ஈரத்தை உறிஞ்சியது. காலையில் குழல் துருப்பிடித்திருந்தது. எண்ணெயில் நனைத்த துணியால் எத்தனை முறை துடைத்தாலும் உப்பு எண்ணெய்ப் படையின் கீழேயே இருந்தது.

பிரித்தானியப் படைகளிலும், இலங்கைப் பாதுகாப்புப் படையிலும் பயன்பட்ட .303 லீ என்பீல்ட் துப்பாக்கிக்கு இதற்காகவே கொதிநீர் முறை கையாளப்பட்டது. புனல் ஒன்றின் மூலம் கொதிநீரைப் பின்புறத்தால் ஊற்றி முன்வாயால் வழியவிடுவர். இங்கு கொதிநீர் இரு வேலைகளைச் செய்கின்றது. 100 கிராம் நீரில் 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 34 கிராம் பொற்றாசியங்குளோரைட்டுக் கரையும். 100 பாகையில் ஏறத்தாழ 56 கிராம் கரையும். அதைவிட முக்கியமானது, கொதிநீரால் சூடேறிய உருக்கு எஞ்சிய ஈரத்தைத் தானே ஆவியாக்கி விரைவாக உலர்ந்துவிடும். அதன் பின் நூற்கயிற்றின் நுனியிற் கட்டிய துணியைக் குழலூடாக இழுத்துத் துடைத்து, இறுதியில் எண்ணெய்த் துணியை இழுப்பர். கயிறும் சிறு எண்ணெய்ப் போத்தலும் துப்பாக்கியின் மரப்பிடிக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தன.

துருவுக்கு அஞ்சும் பொருளினுள் வேண்டுமென்றே நீர் ஊற்றுவது முதலில் விந்தையாகத் தோன்றும். "நீர் பட்டால் துருப்பிடிக்கும்" என்பதை மாத்திரம் மனனம் செய்தவருக்கு இது புரியாது. சில நிமிடம் தங்கி முற்றாக உலரும் நன்னீரால் வரும் கேடு மிகச் சிறியது. தங்கிவிடும் உப்பால் வரும் கேடு நாள்தோறும் தொடர்வது.

1920களின் பிற்பகுதியில் பொற்றாசியங்குளோரேற்று இல்லாத தீமருந்துகள் விற்பனைக்கு வந்தன. இன்றைய .22 ரவைகள் குழலில் இவ்வுப்பை விடுவதில்லை. ஆகையால் இவற்றைச் சுட்டபின் கொதிநீர் ஊற்றத் தேவையில்லை. கரைப்பானால் கரியையும் கொழுப்பையும் அகற்றி, உலர்ந்த துணியாற் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படையிட்டாற் போதும். உலகின் பல இடங்களுக்கு இவ்விடை முழுமையானது. மன்னாருக்கு அன்று. ரவை தராத உப்பைச் சோழகக் காற்று தருகின்றது. வியர்வை படிந்த கையும் தருகின்றது. ஆகவே கடற்கரையோரம் பயன்படுத்திய துப்பாக்கியின் வெளிப்புறத்தை முதலில் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியாற் துடைத்து, உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் பூச வேண்டும்.

நன்னீர் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மன்னார்த் தீவின் பல கிணறுகளில் நீர் உவர். மணலின் கீழே மழைநீர் கடல்நீரின் மேல் மெல்லிய வில்லை போல் மிதக்கின்றது. அதிகமாக இறைத்தாலோ வரட்சி நீண்டாலோ உவர் மேலே வரும். உவர்நீரால் கழுவி வெயிலில் உலர்த்தினால் நீர் போய் உப்பு எஞ்சும். உப்பளத்தில் நடப்பதும் இதுவே. சேகரித்த மழைநீர் இதற்கு ஏற்றது.

எண்ணெய்ப் படை மெல்லியதாக இருத்தல் வேண்டும். தடித்த எண்ணெயில் மணல் ஒட்டும். மன்னாரில் மணலுக்குக் குறைவில்லை. மீண்டும் சுடுமுன் குழலின் எண்ணெயைத் துடைத்துவிடுவர். துணியுறையிலோ தோலுறையிலோ நாட்கணக்கில் வைப்பதும் நன்றன்று. அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றோட்டமுள்ள பூட்டிய அலுமாரியே சிறந்தது. வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். கழுவுமுன் எதையும் உண்ணக்கூடாது. குழலிலிருந்து வரும் கரியில் ஈயம் உண்டு. அது உடலிற் சேர்ந்து நரம்புத்தொகுதியைப் பாதிக்கும்.

மிக முக்கியமான எச்சரிக்கை

இப்பாடம் பராமரிப்பில் உள்ள துப்பாக்கியைப் பற்றியது. காட்டிலோ வயலிலோ கிணற்றிலோ கடற்கரையிலோ கிடக்கும் துருப்பிடித்த துப்பாக்கி, ரவை, குண்டு, அடையாளந் தெரியாத இரும்புப் பொருள் எதற்கும் இது பொருந்தாது. போர் 2009இல் முடிந்த பின்னர் மன்னார் மாவட்டத்தில் மிதிவெடி அகற்றும் பணி பல்லாண்டுகள் நடைபெற்றது. துரு, வெடிபொருளின் உறையைத் தின்னுமே தவிர அதனுள்ளிருக்கும் மருந்தைச் செயலிழக்கச் செய்வதில்லை. பாதுகாப்பு ஊசியும் வில்லும் துருவினால் பலவீனமடைந்த பழைய வெடிபொருள் புதியதைவிட ஆபத்தானதாகவும் இருக்கலாம். அதனைத் தொடவோ, தட்டவோ, கழுவவோ, பழைய இரும்பாக விற்கவோ கூடாது. வந்த வழியே திரும்பிச் சென்று, அவ்விடத்தை நினைவில் வைத்து, பெரியவர்களிடமும் பொலிசாரிடமும் (அவசர இலக்கம் 119) அறிவிக்க வேண்டும். இளைய சகோதரர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கவும்.

படகு இயந்திரத்துக்குப் பொருத்திப் பார்த்தல்

பெரும்பாலான மாணவர் துப்பாக்கியைக் கையாலும் தொடப்போவதில்லை. ஆனால் கரையோரக் குடும்பங்களிற் பல, படகின் பின்புறத்திற் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரத்தை நம்பி வாழ்கின்றன. அவ்வியந்திரம் தன்னைக் குளிர்விக்கக் கடல்நீரையே உறிஞ்சுகின்றது. கரைக்கு வந்து நிறுத்தியதும் சூடான உட்குழாய்களில் கடல்நீர் உலர்ந்து உப்பு படிகின்றது. உப்பு சேரச் சேரக் குழாய் ஒடுங்கும், குளிர்விப்புக் குறையும், ஒருநாள் நடுக்கடலில் இயந்திரம் சூடேறி நிற்கும். பாக்கு நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இயந்திரம் நின்ற படகு காற்றின் போக்கில் சர்வதேசக் கடல் எல்லையைத் தாண்டிவிடக்கூடும். அதன் விளைவுகளை மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை.

தீர்வு துப்பாக்கிக் குழலுக்குரியதே: கரைக்கு வந்ததும் நன்னீர் செலுத்திக் கழுவி, வடியவிட்டு, பின்னர் எண்ணெயும் கிறீசும். மூடியைக் கழற்றி மேலே எண்ணெய் தெளித்துவிட்டு, உள்ளே நன்னீர் விடாமல் விடுவது, பழைய படைவீரன் உப்புப் படிந்த குழலுக்கு எண்ணெய் பூசியதைப் போன்றது.

ஒரு வேறுபாடும் உண்டு. இயந்திரத்தின் நீரில் மூழ்கும் பகுதியில் சிறு உலோகக் கட்டியொன்று பூட்டப்பட்டிருக்கும். கடல்நீருக்குரிய இயந்திரங்களில் அது பெரும்பாலும் நாகம் அல்லது அலுமினியக் கலப்புலோகம். அது அனோட்டாகத் தொழிற்பட்டுத் தான் கரைந்து இயந்திரத்தின் உலோகத்தைக் காக்கின்றது. இது கதோட்டுப் பாதுகாப்பு. அக்கட்டி தேய்ந்திருப்பதைக் கண்டு "பழுதாகிவிட்டது" என எண்ணி அதற்கு வர்ணம் பூசுவோர் உளர். வர்ணம் பூசினால் அது கரைசலைத் தொடாது. பாதுகாப்பும் இல்லாது போகும். தேய்வதே அதன் தொழில். பாதிக்கு மேல் தேய்ந்தால் மாற்ற வேண்டும். துப்பாக்கிக்கு இம்முறை பயன்படாது. இங்கு அனோட்டும் காக்கப்படும் உலோகமும் ஒரே மின்பகுபொருட் கரைசலைத் தொட்டிருத்தல் வேண்டும். அலுமாரியில் வைத்த துப்பாக்கிக்கு அத்தகைய கரைசல் இல்லை.

பயிற்சி வினாக்களும் விடைகளும்

1. கடற்கரையிற் பயன்படுத்திய உருக்குக் கருவியொன்றைப் பாதுகாப்பதற்கு மிகப் பொருத்தமான ஒழுங்கு எது?
(1) எண்ணெய் பூசுதல், நன்னீராற் கழுவுதல், உலர்த்துதல்
(2) நன்னீராற் கழுவுதல், எண்ணெய் பூசுதல், உலர்த்துதல்
(3) நன்னீராற் கழுவுதல், உலர்த்துதல், எண்ணெய் பூசுதல்
(4) மண்ணெண்ணெயாற் கழுவுதல், உலர்த்துதல், எண்ணெய் பூசுதல்

விடை: (3). பலர் (4)ஐத் தெரிவு செய்வர். மண்ணெண்ணெய் முனைவற்ற கரைப்பான். உப்பு அதில் கரையாது. (2) பிழையாவது ஏன்? எண்ணெய்ப் படை நீரைக் கீழே அடைத்து வைக்கும்.

2. ஒரே மாதிரியான மூன்று இரும்பாணிகள் நன்கு துப்புரவாக்கப்பட்டன. அ என்னும் ஆணி உப்புக்கரைசலில் தோய்த்து உலர்த்தி எண்ணெய் பூசப்பட்டது. ஆ என்னும் ஆணி உப்புக்கரைசலில் தோய்த்து, காய்ச்சி வடித்த நீரால் நன்கு கழுவி, உலர்த்தி எண்ணெய் பூசப்பட்டது. இ என்னும் ஆணி உப்புக்கரைசலில் தோய்த்து உலர்த்தி எண்ணெயின்றி விடப்பட்டது. மூன்றும் ஈரமான வளியில் இரு கிழமைகள் வைக்கப்பட்டன.
(அ) துருப்பிடிக்கும் அளவின் ஏறுவரிசையை எதிர்பார்த்து எழுதுக.
(ஆ) அ, ஆ ஆகியவற்றை ஒப்பிடுவதன் மூலம் சோதிக்கப்படும் காரணி யாது?
(இ) மாறாது பேணவேண்டிய காரணிகள் இரண்டு தருக.

விடை: (அ) ஆ, அ, இ. (ஆ) எண்ணெயின் கீழ் உப்பு எஞ்சியிருத்தல். (இ) ஆணிகளின் பருமன், வைத்திருந்த காலம், வெப்பநிலை, சாரீரப்பதன், எண்ணெயின் வகை என்பவற்றுள் இரண்டு. இப்பரிசோதனையை வீட்டிலேயே செய்யலாம். காய்ச்சி வடித்த நீர் கிடையாவிடின் மழைநீர் போதும்.

3. இரும்புப் படலையொன்றில் செப்புக் கம்பி சுற்றப்பட்டிருந்தது. கம்பி தொடும் இடத்தில் படலை விரைவாகத் துருப்பிடித்தது. காரணத்தை விளக்கி, செப்புக் கம்பிக்குப் பதிலாக நாகக் கம்பி சுற்றியிருந்தால் என்ன நிகழும் எனக் கூறுக.

விடை: இரும்பு செம்பை விடத் தாக்குதிறன் கூடியது. ஈரமும் உப்பும் மின்பகுபொருளாக அமைய, இரும்பு அனோட்டாகி இலத்திரன்களை இழந்து கரைகின்றது; செம்பு கதோட்டாகின்றது. நாகம் இரும்பை விடத் தாக்குதிறன் கூடியது. எனவே நாகம் அனோட்டாகிக் கரையும். அதனை அண்டிய இரும்பு பாதுகாக்கப்படும். "நாகம் துருப்பிடிக்கும்" என எழுதக்கூடாது. துரு என்பது நீரேற்றிய பெரிக்கு ஒட்சைட்டு. அது இரும்பிலிருந்து மாத்திரமே உண்டாகும். நாகம் தின்னப்படும் என்று எழுதுக.